கல்வமும் கரைப்பானும்

தோற்றுவாய்

ஆண்டுதோறும் இம்மலரின் தமிழ்ப் பகுதியில் இலக்கிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவருதல் வழக்கம். இவ்வாண்டும் அவ்வழியே செல்லக் கருதியிருந்தோம். அதனைக் கேட்ட நண்பர் ஒருவர், இரசாயனம் பயில்பவர், ‘அரைத்த மாவையே அரைக்கப் போகின்றீரோ?’ என்று நகைத்தார். அந் நகைச்சொல்லே எம்மை வேறொரு வழியிற் செலுத்தியது. அரைத்தல் என்னும் தொழிலையே பொருளாகக் கொண்டு இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இதிற் கூறப்படும் இரசாயனச் செய்திகளில் பிழை புகாதவாறு துணைநின்றவர் அந்நண்பரே என்பதை முதற்கண் நன்றியோடு கூறுகின்றோம்.

மதுரைக்கு மேற்கே நாகமலையை அடுத்துள்ளது கீழக்குயில்குடி என்னும் சிற்றூர். அவ்வூரை ஒட்டி நிற்பது சமணர் மலை. மலையிலுள்ள செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களையும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காணலாம். அடிவாரத்தில் தாமரைக் குளமும், ஐயனார் கோயிலும், விழுதூன்றிய ஆலமரமும் உள்ளன. கடந்த தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வட்டெழுத்தைப் படித்துப் பழகும் பொருட்டு அந்நண்பரோடு அம்மலைக்குச் சென்றோம். பிற்பகல் மூன்று மணியளவில் இறங்கி ஊருக்குள் வந்து, தாகத்திற்கு நீர் வேண்டி ஒரு வீட்டு வாயிலில் நின்றோம். திண்ணையில் முதியவர் ஒருவர் கல்வத்தின்முன் அமர்ந்து, சங்குப் பொடியை இலைச்சாறு விட்டு அரைத்துக்கொண்டிருந்தார். நாட்டு வைத்தியர் என்று அறிந்தோம்.

‘எவ்வளவு நேரமாக அரைக்கின்றீர்கள் ஐயா?’ என்று வினவினோம்.

‘விடியக் காலம் ஆறு மணிக்குத் தொட்டது, தம்பி. நாலு சாமக் கணக்கு. இன்னும் ஒரு சாமம் பாக்கி கிடக்கு.’

‘இப்பொழுதே மாவாகி விட்டதே!’ என்றார் நண்பர்.

முதியவர் குழவியை நிறுத்தாமலே சிரித்தார். ‘மாவு வேற, மருந்து வேற, தம்பி. மாவாக்குறதுக்கு அரைச் சாமம் போதும். மிச்சமெல்லாம் மருந்தாக்குறதுக்கு.’ பின்னர்ச் சிறிது பொறுத்து, ‘காலேசுல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?’ என்று கேட்டார். எம் இருவரிடத்தும் விடை இல்லை. நீரைப் பருகி விடைபெற்றோம்.

ஒரு சாமம் என்பது ஏழரை நாழிகை. அஃதாவது மூன்று மணி நேரம். பொருள் பொடியான பின்னும் ஒன்பது, பத்து மணி நேரம் அரைப்பதனால் விளைவது யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

கரைப்பானும் கழிவும்

மருந்து, சாயம், நறுமணப்பொருள் முதலியவற்றிற் பெரும்பாலானவை கரிமப் பொருள்கள். ஒன்றோடொன்றைச் சேர்த்து அவற்றை ஆக்கும் வழியாகக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர் கற்பது பெரும்பாலும் ஒன்றே: இரு பொருள்களையும் ஒரு திரவத்திற் கரைத்தல், குடுவையில் இட்டுக் கொதிக்க வைத்தல், ஆறியபின் வடிகட்டல், கழுவல், எஞ்சிய திரவத்தை ஆவியாக்கல். அத்திரவத்தையே கரைப்பான் என்கின்றோம்.

கரைப்பான் எதற்கு? திடப்பொருளில் மூலக்கூறுகள் மதிற்சுவரின் செங்கற்கள்போல் வரிசையாகப் பிணிப்புண்டு கிடக்கின்றன. அவை எழுந்து சென்று பிறிதொரு பொருளின் மூலக்கூறுகளைக் கூடுதல் இயலாது. திரவத்திற் கரைந்த பின்னரோ ஒவ்வொன்றும் தனித்து உலாவி, எதிர்ப்பட்டதனோடு கூடுகின்றது. ஆதலின் கரைப்பான் இருவரைச் சேர்த்து வைக்கும் தரகனை ஒத்தது. மணம் முடிந்தபின் தரகனுக்கு அவ்வீட்டில் வேலை இல்லை. அவனை வெளியேற்றல் வேண்டும். ஆயின் இத்தரகன் எளிதில் வெளியேறுவான் அல்லன். குளோரோபாரம், டைகுளோரோமீத்தேன், பென்சீன், எக்சேன் முதலிய கரைப்பான்கள் காற்றிலும் நீரிலும் கலந்து கேடு செய்வன. பென்சீன் புற்றுநோய் விளைப்பது.

இக்கேட்டை எண்ணால் அளக்க வழிகண்டவர் ரோஜர் ஷெல்டன் என்பவர். ஒரு கிலோ விளைபொருளை ஆக்கும்போது எத்தனை கிலோ கழிவு உண்டாகின்றது என்னும் கணக்கை அவர் 1992-இல் வெளியிட்டார். மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றைப் பிரிக்கும் ஆலைகளில் அக்கழிவு ஏறக்குறைய 0.1 கிலோ. மருந்து செய்யும் தொழிலிலோ 25 முதல் 100 கிலோ வரை. சிலவிடத்து அதனினும் மிகுதி. உயிரைக் காக்கும் பொருளை ஆக்குவதே எடைக்கு எடை மிகுந்த கழிவை விளைப்பது வியப்பும் வருத்தமும் தருவதாம். அக்கழிவின் பெரும்பங்கு கரைப்பானே என்பர்.

பால் அனஸ்தாஸ், ஜான் வார்னர் என்னும் இருவர் 1998-இல் பசுமை இரசாயனத்திற்குப் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். கழிவு வந்தபின் அதனைத் துப்புரவு செய்தலினும் வாராமற் காத்தலே நன்று என்பது முதல் நெறி. கரைப்பான் முதலிய துணைப்பொருள்களை இயன்றவரை விலக்குக, விலக்க இயலாவிடின் தீங்கற்றதைக் கொள்க என்பது ஐந்தாம் நெறி.

இவை எங்கோ மேனாட்டில் உள்ளார்க்கு உரியன என்று நாம் வாளாவிருத்தல் கூடாது. தோல் பதனிடும் தொழிலின் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டமை பற்றி நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. அங்கே கேடு செய்த பொருள்கள் வேறு. ஆயினும் பாடம் ஒன்றே. மதுரைப் புறத்துச் சிற்றூர்களோ மழைநீரைக் கண்மாயில் தேக்கி வாழ்வன. கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும். அத்தகைய மண்ணில், தொட்டியில் ஊற்றிய கழிவு மறைந்துவிட்டது என்று எண்ணுதல் பேதைமை. அது மறையவில்லை, இடம் மாறியது.

கல்வத்தில் நிகழ்வது

தரகன் இன்றியே இருவரைச் சேர்த்தல் கூடுமோ? கூடும் என்பதற்குச் சித்த மருத்துவரின் கல்வமே சான்று. கல்வம் என்பது ஓடம்போற் குடையப்பட்ட கல்; அதன்மேல் குழவி முன்னும் பின்னும் ஓடும். பாதரசத்தையும் கந்தகத்தையும் அதில் இட்டு அரைப்பர். வெள்ளிபோல் ஓடித்திரியும் பாதரசமும், மஞ்சள் நிறக் கந்தகமும் சிறிது சிறிதாகத் தத்தம் நிறம் இழந்து, ஈற்றில் மைபோற் கருத்த பொடியாகின்றன. இது வெறுங் கலவை அன்று. இரண்டும் கூடிப் பாதரச சல்பைடு என்னும் புதுப்பொருள் ஆயின என்பது இற்றை ஆய்வுகளின் முடிபு. தீ இல்லை, திரவம் இல்லை, கல்லும் கையுமே உள்ளன. அக் கரும்பொடியை முறைப்படி எரித்துப் பதங்கமாக்கின் செந்நிறம் பெறும். அணுக்கள் அவையே, அடுக்கு வேறு.

எடைக்கணக்கும் இதில் சுவைதருவது. 200 பங்கு பாதரசத்தோடு கூட 32 பங்கு கந்தகமே போதும். அஃதாவது, 100 பங்கு பாதரசத்திற்கு 16 பங்கு கந்தகம். இரண்டையும் சம எடை கொள்ளும் முறையில் 84 பங்கு கந்தகம் எஞ்சும். இம்மிகை, கூடாப் பாதரசம் தனித்து நிற்காதிருக்கத் துணை செய்யும். சூரிய ஒளியில் பார்க்கும்போது பொடியில் மின்னும் துளி ஒன்றேனும் தோன்றலாகாது என்பதும், விரலிடைத் தேய்த்தால் பொடி கைரேகைக்குள் புகவேண்டும் என்பதும் மருத்துவர் கையாண்ட சோதனைகள். ஆயினும் பாதரசம் நஞ்சு. பழக்கமில்லாதார் வீட்டிலோ விடுதியிலோ இதனைச் செய்ய நினைத்தலும் தகாது.

முதியவர் இலைச்சாறு விட்டு அரைத்ததும் கருதத்தக்கது. கரைப்பதற்குச் சாறு ஊற்றினாரல்லர். பசை ஆகும் அளவே விட்டார். ஒரு கிராம் திடப்பொருளுக்கு ஒரு மில்லிலிட்டருக்கு மிகாத திரவத்தை இட்டு அரைத்தலை இற்றை ஆராய்ச்சியாளர் தனி முறையாகவே வகுத்துள்ளனர். சில துளித் திரவமே சேர்க்கையை விரைவுபடுத்துவதும், சிலபோது விளையும் படிகத்தின் அமைப்பையே மாற்றுவதும் அவர்கள் கண்டவை. சாறு விட்டு அரைத்தலின் எல்லாப் பயனும் இதுவே என்று யாம் கூறவில்லை. செயல்முறை ஒன்றுபடுகின்றது என்பதே எம் கருத்து.

மேனாட்டார் கண்டவை

இத்தொழில் நமக்கே உரியது என்று தருக்குதற்கும் இடமில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டினரான தியோப்பிராஸ்டஸ் என்னும் கிரேக்க அறிஞர் கற்களைப் பற்றி ஒரு நூல் செய்தார். சாதிலிங்கத்தைக் காடியோடு செப்புக் கலத்தில் செப்புக் குழவியால் அரைத்தால் பாதரசம் பிரியும் என்று அந்நூல் குறிக்கின்றது. சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் கூடிய செந்நிறப் பொருளே. செம்பு கந்தகத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளப் பாதரசம் விடுபடுகின்றது. நம் மருத்துவர் கல்வத்திற் கூட்டியதைக் கிரேக்கர் செப்புக் கலத்திற் பிரித்தனர். அரைத்தலால் நிகழ்ந்த இரசாயன மாற்றம் பற்றிக் கிடைக்கும் எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையது இதுவே என்பர்.

பிற்காலத்தில் 1820-இல் மைக்கேல் பாரடே, வெள்ளிக் குளோரைடைத் துத்தநாகத்தோடு அரைத்து வெள்ளியைப் பிரித்தார். எனினும், ‘அரைத்தலால் சூடு உண்டாகின்றது; அச்சூடே மாற்றத்திற்குக் காரணம்’ என்று ஒருவர் மறுக்கலாம் அன்றோ? இதற்கு விடை கண்டவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து கேரி லீ என்பவர். வெள்ளிக் குளோரைடைச் சூடேற்றினால் உருகும், சிதையாது. சித்தர் நூல்கள் வீரம் எனக் கூறும் பாதரசக் குளோரைடைச் சூடேற்றினால் ஆவியாகிப் படியும்; சிதையாது. இவ்விரண்டையும் உரலில் அழுத்தி அரைத்தபோது அவை சிதைந்தன! 1890-களின் முற்பகுதியில் அவர் செய்த இச்சோதனைகளால், தீயால் ஆகாத ஒன்று குழவியால் ஆகும் என்பது ஐயமற நிறுவப்பட்டது. வெப்பத்தால் ஆவது ஒன்று, ஒளியால் ஆவது ஒன்று, மின்சாரத்தால் ஆவது ஒன்று என வகுத்த இரசாயன நூலில், பொறிவலியால் ஆவதற்கும் ஒரு தனிப்பெயர் தந்தவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். யாம் அதனைப் பொறிவலி இரசாயனம் என்போம்.

முதியவர் கூறிய ‘மாவு வேறு, மருந்து வேறு’ என்பதன் பொருள் இப்பொழுது விளங்கும். பொடியாக்குதல் பருமனைக் குறைத்தல். அதன்பின்னும் அரைப்பது, புதுப்புது முகங்களை வெளிப்படுத்தி, அவற்றை ஒன்றோடொன்று அழுத்தி, படிகத்தின் ஒழுங்கைக் குலைத்து, பொருளோடு பொருளைக் கூட்டுதல்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை

கண்ணாற் காணாததை எழுதுதல் கூடாது என்று எண்ணி, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் நண்பர் செய்த சோதனையை அருகிருந்து கண்டோம். ஆர்த்தோ-வனிலின் என்னும் இளமஞ்சட் பொருள் 1.52 கிராம், பாரா-டொலுயிடின் என்னும் வெண்பொருள் 1.07 கிராம். தனித்தனியே இவை 40 சென்டிகிரேட் பாகையளவிலோ அதற்குச் சற்று மேலோதான் உருகுவன. பின்னது நஞ்சுடையதாதலின் கையுறை அணிந்து, புகை போக்கும் பெட்டிக்குள் வைத்துப் பீங்கான் உரலில் அரைத்தார். சில நிமிடங்களுக்குள் இரண்டும் நெகிழ்ந்து ஈரமாயின, நிறம் செம்மஞ்சளாயிற்று, மேலும் அரைக்க மீண்டும் இறுகிப் பொடியாயிற்று. அடுப்பும் இல்லை, கரைப்பானும் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 152 பங்கும் 107 பங்கும் கூடி 259. இதில் 241 பங்கு வேண்டிய பொருள். 18 பங்கு நீர். நீரன்றி வேறு கழிவு இல்லை. எம் அளவுப்படி 2.41 கிராம் கிடைத்தல் வேண்டும். நிறுத்தபோது இருந்தது 2.3 கிராம், மிச்சம் உரலிலும் குழவியிலும் ஒட்டியது. இதனையே எரிசாராயத்திற் கரைத்துச் செய்வோமாயின், 20 மில்லிலிட்டர் கொண்டாலும் அதன் எடை ஏறக்குறைய 16 கிராம். ஆக்கும் பொருளைப்போல் ஆறு மடங்குக்கு மேல்!

ஒன்றை மறைத்தல் ஆகாது. இச்சோதனையில் இரு பொருள்களும் கலந்தவுடன் உருகுநிலை தாழ்ந்து, இடையில் திரவமாயின. ஆதலின் இங்கே குழவி செய்தது பெரும்பாலும் கலக்கும் தொழிலே. அரைத்து ஆக்கியவை எல்லாம் பொறிவலியால் ஆனவை என்று துணிந்துவிடல் பிழை. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து தெளிய வேண்டும்.

சொல்லும் ஆலையும்

கைவலி கொண்டு நெடுநேரம் ஒரே அளவாக அரைத்தல் அரிது. ஆதலின் இக்காலத்தார் ஆலை அமைத்தனர். எஃகுக் குடுவையில் பொருளையும் எஃகுக் குண்டுகளையும் இட்டு, விநாடிக்கு 30 முறைவரை அங்குமிங்கும் குலுக்குவது ஒருவகை. குடுவை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, தான் அமர்ந்த தட்டோடும் கோள்போற் சுற்றிவருவது மற்றொரு வகை. உழக்குக்குள் இருமுறுக்குத் திருகுகள் சுழன்று பொருளைப் பிசைந்து, இடியாப்ப உரல்போல் மறுமுனையில் பிதுக்கித் தள்ளுவது மூன்றாம் வகை.

இவற்றைக் கேட்டபோது தமிழ் மாணவராகிய எமக்கு ஒன்று தோன்றியது. உலக்கை மேலிருந்து விழுந்து தாக்குவதை இடித்தல் என்கின்றோம். அம்மியில் குழவி அழுத்தி இழுபடுவது அரைத்தல். ஆட்டுக்கல்லில் நீரோடு சுற்றுவது ஆட்டுதல். திரிகையின் இரு கல்லிடை உலர்ந்த தானியம் படுவது திரித்தல். குழந்தைக்கு வசம்பையும் சுக்கையும் கல்லில் தேய்த்தெடுப்பது உரைத்தல். மாவைக் கையால் மடக்கி அழுத்துவது பிசைதல். வலி எவ்வாறு பொருளைச் சென்று சேர்கின்றது என்பதை நம் அடுக்களை இவ்வளவு நுட்பமாகப் பகுத்து வைத்துள்ளது. ஆலைகளையும் அவ்வாறே பகுப்பர்: குலுக்கும் ஆலையில் தாக்குதல் மிகுதி, கோளாலையில் தாக்குதலோடு தேய்த்தலும் சேரும், திருகாலையில் பிசைதல் மிகுதி. முறை மாறினால் விளைபொருளும் மாறக்கூடும். தமிழில் இவ்வறிவு நூலை எழுத முற்படுவார்க்குச் சொல்வறுமை இல்லை என்க.

இம்முறை இன்று விளையாட்டுப் பொருள் அன்று. அமெரிக்காவில் பணியாற்றிய இந்திய இரசாயன அறிஞர் அஜய் கே. போஸும் அவர்தம் குழுவினரும் பிஜினெல்லி என்பாரின் பழைய சேர்க்கை முறையைக் கரைப்பானின்றி அரைத்தே செய்து, 2004-இல் அதற்கு ‘அரைகல் இரசாயனம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். சிறுநீர்ப்பாதை நோய்க்கு வழங்கும் நைட்ரோபியூரான்டாயின் என்னும் மருந்தைக் குண்டாலையில் ஆக்கிய செய்தி 2018-இல் வெளிவந்தது. கிரின்யார் கண்ட மக்னீசியச் சேர்க்கையோ 1912-இல் நோபெல் பரிசு பெற்றது. ஈரமும் காற்றும் படாமல், உலர்ந்த ஈதரில் செய்தல் வேண்டும் என்று மாணவர் அஞ்சுவது. அதனையே சில துளி ஈதரோடு, திறந்த காற்றில் நிரப்பிய குடுவையில் அரைத்தே ஆக்கலாம் என ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தார் 2021-இல் காட்டினர். திருகாலை வழியே பொருள்களை ஆக்கும் முறையை, அனைத்துலகத் தூய, பயன்முறை இரசாயனச் சங்கம் 2019-இல் வளர்ந்துவரும் பத்துத் தொழில்நுட்பங்களுள் ஒன்றாக எண்ணியது.

குறைகள்

நன்மை மட்டும் கூறுதல் வாணிகர் தொழில். மாணவர் தொழில் அன்று. குண்டு தேய்ந்து இரும்பு பொருளிற் கலக்கலாம். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிட்டை அரைத்து எறிவது ஏன் என்று நம் பாட்டிமார் அறிவர். மருந்தில் அவ்வாறு கல் கலந்தால் தீங்காம். மூடிய குடுவைக்குள் சூடு ஏறுவதை அளத்தலும் அடக்கலும் அரிது. வெடிக்கும் இயல்புள்ள பொருளை அரைத்தல் பேரிடர். கரைப்பானின்றி அரைத்து, பின் விளைபொருளைக் கழுவக் குடம்குடமாகக் கரைப்பானை ஊற்றினால், முன்வாயிலில் விலக்கியதைப் பின்வாயிலில் அழைத்ததாகும். ஆலைக்குச் செலவாகும் மின்சாரத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இவ்வளவும் எண்ணியபின் எஞ்சுவதே உண்மையான இலாபம்.

முடிவுரை

நம் கல்லூரியில் இரு கூற்றுகளை அடிக்கடி கேட்கின்றோம். ‘எல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே’ என்பது ஒன்று. ‘கல்வத்தில் என்ன இருக்கின்றது? மூடப்பழக்கம்’ என்பது மற்றொன்று. இரண்டும் அரைக்காமலே மருந்தை விழுங்குவார் கூற்று. முன்னோர் அணுவின் எடை அறிந்திலர். ஆயின் எத்தனை சாமம் அரைத்தால் பொருள் மாறும் என்பதைத் தோள் நோவக் கற்றனர். அவர்க்குத் தராசும் எண்ணும் தருவதே நாம் செய்யத்தக்க மரியாதை. பெருமை பேசி விடுதல் மரியாதை ஆகாது. இகழ்ந்து விடுதல் அறிவு ஆகாது.

ஆதலின் இரசாயனம் பயிலும் தோழர்காள்! ஆண்டில் ஒரு சோதனையையேனும் கரைப்பானின்றிச் செய்து, மிச்சப்பட்டதை நிறுத்து எழுதுங்கள். தமிழ் பயிலும் தோழர்காள்! கல்வத்தின்முன் அமர்ந்திருக்கும் முதியோர் மறையுமுன் அவர்தம் செய்முறைகளையும் சொற்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

‘காலேசுல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?’ என்று கீழக்குயில்குடி முதியவர் கேட்ட வினாவுக்கு அன்று யாம் வாய்திறந்திலோம். இம்மலர் அச்சேறி வந்ததும் ஒரு படியை எடுத்துக்கொண்டு அத்திண்ணைக்குச் செல்வோம். ‘இனிமேல்தான் சொல்லித்தரத் தொடங்குகின்றோம், ஐயா, நீங்களும் சிறிது சொல்லித்தர வேண்டும்’ என்று கூறி, அவர் அருகே அமர்ந்து, ஒரு சாமமேனும் குழவியைப் பிடித்துப் பார்ப்போம்.